காலை 11 மணிக் கூட்டத்துக்கு வராதவர்கள்

கும்மிடிப்பூண்டியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ மின்சார ரயிலில் சென்ட்ரலுக்கு வருகிறவர்கள் இறங்கும் இடத்துக்குப் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை, விக்டோரியா பப்ளிக் ஹால், சற்றுத் தள்ளி நேரு ஸ்டேடியம். ரோட்டைத் தாண்டினால் பார்க் ஸ்டேஷன். அந்தப் பகுதியின் பெயரே பூங்கா நகர்தான். ஆனால் அந்தப் பூங்கா எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு காலத்தில் அது இருந்தது. 1859-ல் சென்னை கவர்னராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன், ஊர் ஜனங்கள் காற்று வாங்க ஒரு பெரிய தோட்டம் வேண்டும் என்று ‘பீப்பிள்ஸ் பார்க்’கைத் தொடங்கினார். பரப்பு 116 ஏக்கர். குளங்கள், நடைபாதைகள், பேண்டு வாசிக்க மேடை, ஒரு மிருகக்காட்சி சாலை எல்லாம் அதில் இருந்தன. பழைய சென்னைவாசிகள் ‘உயிர் காலேஜ்’ என்று சொன்னது அந்த மிருகக்காட்சி சாலையைத்தான்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. 1880-களில் விக்டோரியா ஹால், 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் மாளிகை, அப்புறம் ஸ்டேடியம். 1985-ல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போனது. அதே ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்தது. மிச்சமிருப்பது ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் உள்ள ‘மை லேடீஸ் கார்டன்’ என்ற சிறு துண்டு.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பூங்காவை ஒழித்துவிடலாம் என்று எந்த நாளிலும் யாரும் முடிவெடுக்கவில்லை. வந்த கட்டடம் ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான். ‘ஜனங்களின் பூங்கா’ என்று பெயர் வைத்தார்களே தவிர, அது என் பூங்கா என்று தடுத்து நிற்க ஜனங்களுக்கு அங்கே எந்தப் பிடியும் இல்லை. பூங்கா அமைக்கும்போது பொதுமக்களிடம் கருத்துக் கேட்பது எதற்கு என்ற கேள்விக்கு முதல் பதில் இதுதான். தன்னைக் கேட்டுக் கட்டிய பூங்காவைத்தான் ஊர் காவல் காக்கும்.

எத்தனை ஏக்கர் வேண்டும்?

இன்று இந்தப் பேச்சு திருவள்ளூர் மாவட்டத்துக்கு மிகவும் தேவைப்படுகிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக அரசு விரித்தது. இந்த மாவட்டத்தின் பல பகுதிகள் அதற்குள் வந்தன. வயலும் தோப்பும் மனைகளாகின்றன. சிப்காட்டைச் சுற்றி வீடுகள் நெருங்குகின்றன.

ஒரு நகரத்தில் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருப்பது நல்லது என்கின்றன மத்திய அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டு நெறிகள். 2011 கணக்கெடுப்பில் திருவள்ளூர் நகராட்சியின் மக்கள்தொகை ஏறத்தாழ 56 ஆயிரம். ஆளுக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்தாலே சுமார் 140 ஏக்கர் வேண்டும். கும்மிடிப்பூண்டி பேரூராட்சியில் அப்போது ஏறத்தாழ 32 ஆயிரம் பேர். அங்கே சுமார் 80 ஏக்கர் வேண்டும். அதற்குப் பிறகு இரண்டு ஊர்களும் வளர்ந்திருக்கின்றன. உங்கள் தெருவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எத்தனை ஏக்கர் இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நிலம் வருவதற்கு வழி இல்லாமல் இல்லை. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரிக்கிறவர் ரோடு போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ‘ஓ.எஸ்.ஆர். நிலம்’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். மனை விற்பவர் காட்டும் வரைபடத்தில் பச்சை வண்ணத்தில் ‘பார்க்’ என்று போட்டிருக்கும். அந்தப் பச்சைக் கட்டம் எத்தனையோ இடங்களில் இன்னும் முள்செடியும் கட்டட இடிபாடுமாகக் கிடக்கிறது.

அப்படிக் கிடக்கும் நிலத்துக்கு ஒருநாள் நிதி வருகிறது. பூங்கா அமைக்கப் போகிறோம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பும் வருகிறது. நல்ல செய்திதான். ஆனால் அந்தக் கூட்டம் எப்போது, எங்கே நடக்கிறது என்பதிலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது.

வந்தவர் யார், வராதவர் யார்?

ஒரு வேலை நாளில் காலை 11 மணிக்கு அலுவலக ஹாலில் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். யாரெல்லாம் வருவார்கள்? ஓய்வு பெற்ற பெரியவர்கள் வருவார்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர் வருவார்கள். அரசியல் கட்சியினர், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிலர் வருவார்கள். இவர்கள் சொல்வது தவறில்லை. வாக்கிங் போக நல்ல பாதை வேண்டும், உட்கார பெஞ்ச் வேண்டும், இருட்டியதும் கேட்டைப் பூட்ட வேண்டும் என்பார்கள். அவர்கள் வாழ்க்கைக்கு அது சரி.

வராதவர்களைப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டி இரும்பு உருட்டாலையில் காலை ஷிஃப்டில் இருப்பவர் வர முடியாது. இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்தவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு அரைநாள் லீவு போட்டால் சம்பளம் போகும். பள்ளிப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். கைக்குழந்தை வைத்திருக்கும் தாய் அலுவலக ஹாலுக்கு வந்து மைக் பிடிக்க மாட்டார்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்து இங்கே உழைப்பவர்களுக்குக் கூட்டம் நடப்பதே தெரியாது. தெரிந்தாலும் மொழி தெரியாது. கும்மிடிப்பூண்டியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே இன்று பெற்றோர் ஆகிவிட்டார்கள். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு கருத்துக் கேட்கப் போனால் முகாம் வாசல் வரைகூட அது போகாது.

வேடிக்கை என்னவென்றால், பூங்கா அதிகம் தேவைப்படுவது இந்த வராதவர்களுக்குத்தான். சொந்த வீட்டில் மொட்டைமாடியும் வாசல் திண்ணையும் இருப்பவர் காற்று வாங்க வேறு இடம் உண்டு. ஒரே அறையில் நாலைந்து பேர் ஷிஃப்ட் மாற்றி மாற்றித் தூங்குகிறவர்களுக்கு அறைக்கு வெளியே கால் நீட்ட இடம் கிடையாது.

பூட்டிய கேட்

ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். நம் ஊர்ப் பூங்காக்கள் பலவற்றில் காலையில் சில மணி நேரம், மாலையில் சில மணி நேரம் என்றுதான் கேட் திறந்திருக்கும். உச்சிவேளையில் பூட்டு. வாக்கிங் போகிறவர் அதைக் கவனிக்கக்கூட மாட்டார்.

ஆனால் பல ஆலைகளில் ஷிஃப்ட் மாறுவது காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 10 மணி என்ற கணக்கில். மதிய ஷிஃப்டுக்குப் போகிறவருக்குக் கிடைக்கும் ஓய்வு நேரம் முற்பகல். காலை ஷிஃப்ட் முடிந்தவர் வெளியே வருவது 2 மணி வெயிலில். இரண்டு பேருக்கும் பூங்கா பூட்டியிருக்கும். மரநிழல் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அந்த நிழலை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறோம்.

பூட்டுகிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. காவலாளி ஒருவர்தான் இருப்பார். மதியத்தில் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் குடிக்கிறவர்கள் வந்து உட்காருவார்கள் என்ற பயம் உண்டு. அதனால் திறந்துவையுங்கள் என்று சொன்னால் மட்டும் போதாது. இரண்டாவது காவலாளியின் சம்பளத்தைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல, பூட்டினால் பாதிக்கப்படுகிறவர் கருத்துக் கேட்பில் இருந்திருக்க வேண்டும். 11 மணிக் கூட்டத்தில் இந்தக் கேள்வியே எழாது.

கேள்வி நடந்து போகட்டும்

ஆகவே, ஆட்கள் கூட்டத்துக்கு வரவில்லையென்றால் கேள்வி அவர்களைத் தேடிப் போக வேண்டும். பெரிய செலவு இல்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் ஒரு மேஜை. மாலையில் ரயில்வே ஸ்டேஷன் வெளியே ஒரு மேஜை. ரேஷன் கடை வரிசை, அங்கன்வாடி, அரசுப் பள்ளி, வாரச்சந்தை என்று ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம். இந்தியும் ஒடியாவும் வங்காளமும் தெரிந்த தொழிலாளர் இருவர் உடன் இருந்தால் மொழிச் சிக்கலும் தீரும். எழுதத் தெரியாதவர்களுக்குப் படங்களைக் காட்டி, எது வேண்டும் என்று புளியங்கொட்டை போடச் சொல்லலாம்.

நம் கிராம சபைக் காலண்டரில் ஒரு நல்ல யோசனை ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி தொழில் நிறுவனங்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தரவேண்டிய நாள்கள். அதாவது, உழைக்கிறவர் வரக்கூடிய நாளில் சபை கூட்டும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சிப்காட்டைச் சுற்றியிருக்கும் பல ஊர்கள் கிராம ஊராட்சிகள்தான். நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் 2022 முதல் வார்டு குழு, பகுதி சபை என்ற அமைப்புகள் வந்துவிட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதல்வரே உட்கார்ந்து மக்கள் சொன்னதைக் கேட்டார். பூங்கா வரைபடத்தை அந்தச் சபைகளில் விரித்து வைக்க யாரும் தனியாக அனுமதி வாங்க வேண்டியதில்லை.

இந்த வட்டாரத்தில் ‘பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்’ என்ற சொல்லுக்கே வேறு ஒரு வாசனை உண்டு. புதிய ஆலையோ விரிவாக்கமோ வரும்போது, 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி 30 நாள் முன்னதாகத் தெரிவித்து, கலெக்டரோ அவர் பிரதிநிதியோ தலைமை தாங்கி நடத்தும் கூட்டம் அது. ஷாமியானா, போலீஸ், மைக், ஆதரவு ஒரு பக்கம், எதிர்ப்பு ஒரு பக்கம். பூங்காவுக்கான பேச்சு அப்படி இருக்க வேண்டியதில்லை. இங்கே வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை இல்லை. எப்படி வேண்டும் என்பதுதான் கேள்வி. அதனால் ஊர் ஒன்றாக உட்கார்ந்து பேசிப் பழக இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

என்ன கேட்பது?

‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். நீரூற்று, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு, ஊர்ப் பெயரைப் பெரிய எழுத்தில் வைத்த பலகை என்பார்கள். வேறு எங்கோ பார்த்ததைத்தான் நாம் கேட்போம். கேள்வியை மாற்றினால் பதிலும் மாறும். நீங்கள் எந்த நேரத்தில் வருவீர்கள்? யாரோடு வருவீர்கள்? எப்படி வருவீர்கள்? வராமல் இருக்க எது காரணமாகும்?

ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்தில் 1990-களில் இப்படித்தான் கேட்டார்கள். சின்னப் பெண் குழந்தைகள் பூங்காவுக்கு வருகிறார்கள். ஒன்பது, பத்து வயதுக்கு மேல் காணாமல் போகிறார்களே, ஏன் என்று ஆராய்ந்தார்கள். இருந்த ஒரே பெரிய மைதானத்தைப் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் சண்டை போடாமல் ஒதுங்கிவிட்டார்கள் என்று தெரிந்தது. 1999-ல் இரண்டு பூங்காக்களை மாற்றி அமைத்தார்கள். மைதானத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தார்கள், பாதைகளைக் கூட்டினார்கள், கூட்டமாக உட்கார்ந்து பேச இடம் வைத்தார்கள். பெண்கள் திரும்ப வந்தார்கள். நம் ஊரிலும் ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண் பிள்ளைகளிடம் தனியாக உட்கார்ந்து கேட்டால் இதே பதில் வரக்கூடும். கூடவே இன்னும் இரண்டு வார்த்தை சேரும்: வெளிச்சம், கழிவறை.

கழிவறை என்றால் அது தண்ணீரோடும் தாழ்ப்பாளோடும் இருக்க வேண்டும் என்பதையும் வரைபடத்திலேயே எழுதச் சொல்ல வேண்டியிருக்கிறது. டூவீலர் உள்ளே நுழையக்கூடாது என்று வாசலில் வளைத்து வைக்கும் இரும்புக் குழாய், சக்கர நாற்காலியையும் குழந்தை வண்டியையும் சேர்த்துத் தடுத்துவிடும். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஒருவர் கருத்துக் கேட்பில் இருந்தால் ஒரு நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுவார். இல்லாவிட்டால் கட்டி முடித்து ரிப்பன் வெட்டிய பிறகுதான் தெரியவரும்.

தொழிற்பேட்டைப் பக்கத்துப் பூங்காவுக்குச் சில தனிக் கேள்விகள் உண்டு. அந்த மண்ணில் முன்பு எதைக் கொட்டினார்கள்? குழந்தைகள் மண்ணில் புரளும் இடம் என்றால் மண்ணையும் கிணற்று நீரையும் முதலில் பரிசோதிக்க வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது? புகையும் தூசியும் வரும் பக்கத்தில் அடர்த்தியாக மரம் வைத்து, விளையாடும் இடத்தை மறுபக்கம் கொண்டுபோகலாம். வேம்பு, புங்கம், நாவல், மகிழம் என்று நம் மண்ணில் தழைக்கும் மரங்களே போதும். வெட்டி வெட்டி அழகு பார்க்கும் புல்தரைக்குக் கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டிவரும்.

அந்த நிலத்துக்கும் ஒரு கதை உண்டு

அரசு ஏட்டில் ‘புறம்போக்கு’ என்று இருக்கும் நிலம் காலி நிலம் அல்ல. கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே தேர்வாய் கண்டிகையில், 2000-களின் பிற்பகுதியில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் சிப்காட்டுக்காக எடுத்தபோது, அது எங்கள் ஆடு மாடு மேய்ந்த இடம், விறகும் பழமும் எடுத்த காடு, ஏரிக்கு மழைநீர் வரும் வழி என்று ஊர் மக்கள் போராடினார்கள். விவகாரம் பிரான்ஸ் நாடு வரை போனது. கடைசியில் தொழிற்பூங்கா வந்தது. அதே வட்டாரத்தில் 2020-ல் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் திறக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தில் எந்தப் பக்கம் நியாயம் என்பதில் கருத்துகள் பல இருக்கலாம். ஆனால் ஒரு பாடம் எல்லோருக்கும் பொது: வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் இடத்தில் யாரோ நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இரண்டு ஏக்கர் பூங்காவுக்கும் இது பொருந்தும். அந்த இடத்தில் குறுக்கு வழி இருக்கும்; சுற்றுச்சுவர் எழுப்பினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டைச் சுற்ற வேண்டிவரும். மாலையில் கிரிக்கெட் ஆடுகிற பையன்கள் இருப்பார்கள். ஆடிமாதம் கூழ் ஊற்றும் அம்மன் கோயில் மரம் இருக்கும். ஓரத்தில் இட்லிக்கடை போட்டுப் பிழைக்கும் அக்கா இருப்பார். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் வந்து தேங்கும் பள்ளம் இருக்கும். அதை மூடி மேடாக்கினால் அடுத்த மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அந்தப் பள்ளத்தையே குளமாக்கினால் பூங்காவுக்கும் அழகு, தெருவுக்கும் பாதுகாப்பு. இதெல்லாம் எந்த கன்சல்டன்ட் கம்ப்யூட்டரிலும் இருக்காது. ஊர்ப் பெரியவர்கள் வாயில்தான் இருக்கும்.

கேட்டதற்கு அடையாளம்

கருத்துக் கேட்டதும் அறிக்கை தயாராகும். ‘பொதுமக்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்’ என்று ஒரு வரி வரும். அதைவிட முக்கியம் ஒன்று உண்டு. கேட்பதற்கு முன்பிருந்த வரைபடம், கேட்டதற்குப் பிறகு வந்த வரைபடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கோடுகூட மாறவில்லையென்றால் அங்கே கருத்துக் கேட்பு நடக்கவில்லை, அறிவிப்புதான் நடந்திருக்கிறது.

எல்லோரும் சொன்னதை எல்லாம் செய்ய முடியாது என்பதும் உண்மை. ஒருவர் மைதானம் கேட்பார், ஒருவர் அமைதி கேட்பார். பணமும் இடமும் அளவோடுதான் இருக்கும். அதனால் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று நிலத்தின் வாசலில் தமிழில் ஒரு பலகை வைத்தால் போதும். ‘முடியாது’ என்ற பதிலைக்கூட, காரணம் சொன்னால் நம் ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராமல் இருப்பதுதான் அவர்களை அடுத்த கூட்டத்துக்கு வரவிடாமல் செய்கிறது.

கட்டுவதற்கு முன் ஒத்திகை பார்க்கவும் வழி உண்டு. சென்னை பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன், தற்காலிகத் தடுப்புகள் வைத்து ரோட்டை மாற்றிப் பார்த்தார்கள். நடந்து பார்த்தவர்களும் கடைக்காரர்களும் நிறை குறை சொன்னார்கள். பூங்காவிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, நாலு பெஞ்ச், ஒரு ஊஞ்சல், இரண்டு விளக்கு வைத்து ஒரு மாதம் விட்டுப் பார்த்தால், ஜனங்கள் எந்த மூலையில் உட்காருகிறார்கள் என்று அவர்களே காட்டிவிடுவார்கள்.

காவல் யார்?

2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டு, அங்கே 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா வரும் என்று சொன்னபோது சென்னையே பேசியது. மழைநீருக்குக் குளம் வேண்டும் என்றார்கள் சிலர். பத்திரிகைகள் எழுதின, வழக்குகள் நடந்தன. கும்மிடிப்பூண்டியில் வரும் இரண்டு ஏக்கர் பூங்காவுக்கு அவ்வளவு வெளிச்சம் விழாது. அதைப் பேச அந்தத் தெருதான் உண்டு.

பேசினால் பலன் உண்டு என்பதற்கு பெங்களூரு சாட்சி. அங்கே ராஜ்மஹால் விலாஸ் எக்ஸ்டென்ஷனில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதிவாசிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். முத்தப்பா வழக்கு என்று பிரபலமான அதில், 1991-ல் உச்ச நீதிமன்றம் குடியிருப்பவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பூங்கா இடம் பூங்காவுக்கே என்றது. தமிழ்நாட்டிலும் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க 1959-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். உள்ளாட்சிகள் தங்கள் எல்லையில் உள்ள அத்தகைய இடங்களைப் பட்டியல் போட வேண்டும் என்கிறது அது. சட்டம் இருக்கிறது. அதை எடுத்துக் காட்ட ஊரில் நாலு பேர் வேண்டும்.

திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ மனை வாங்கிக் குடியிருப்பவர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். பீரோவில் இருக்கும் லே-அவுட் வரைபடத்தை எடுத்து, பச்சைக் கட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். மாலையில் அந்த இடம் வரை நடந்து போகலாம். தானப் பத்திரம் ஆகிவிட்டதா, பட்டியலில் சேர்ந்திருக்கிறதா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு மனு கொடுக்கலாம். அடுத்த கிராம சபையிலோ பகுதி சபையிலோ அந்த மனுவின் நகலோடு எழுந்து நின்று கேட்கலாம்.

போகும்போது பக்கத்து அறையில் தங்கியிருக்கும் ஒடிசா தம்பியையும், எதிர்வீட்டில் எட்டாவது படிக்கும் பெண்ணையும் கூப்பிட்டுக்கொண்டு போனால் இன்னும் நல்லது. மதியம் 2 மணிக்கு கேட் திறந்திருக்குமா என்று அந்தத் தம்பி கேட்பான். இருட்டினால் விளக்கு எரியுமா என்று அந்தப் பெண் கேட்பாள். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்கிற பூங்காவில் மற்ற எல்லோருக்கும் இடம் இருக்கும்.